கடலூர் மாவட்டத்தில் போதைச் சிகிச்சைக்கு மக்களை அழைத்துவருதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மாவட்டத்து ஊர்களில் மகளிர் குழு, இளைஞர் நற்பணி மன்றம், மீனவர் பஞ்சாயத்து, ஆலயக் குழு என ஏதேனும் ஓர் அமைப்பில் இருந்துகொண்டு, குடியிலும் பிற போதைப் பழக்கங்களிலும் சிக்கியவர்களைச் சிகிச்சைக்குக் கொண்டுவர விரும்புவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. இது மருத்துவ ஆலோசனைக்கு மாற்றாகாது. மருத்துவரிடம் ஒருவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கும் அதன் பிறகு அவரைக் கைவிடாமல் இருப்பதற்குமான ஏற்பாடுகளைப் பற்றியது.

ஆண்டுதோறும் ஜூன் 26 அன்று போதை எதிர்ப்புப் பேரணி நடத்துகிறோம். அது போதாதா?

பேரணியால் தீங்கு ஒன்றும் இல்லை. ஆனால் பதாகை பிடித்து வெயிலில் நடப்பவர்கள் பள்ளி மாணவர்கள். யாருக்காக அந்தப் பேரணியோ அவர் அந்த நேரத்தில் வேலையில் இருப்பார், அல்லது கடை திறக்கக் காத்திருப்பார். குடி குடியைக் கெடுக்கும் என்பதை அறியாமல் இங்கே எவரும் குடிக்கவில்லை. அவருக்குத் தெரியாதவை வேறு: எந்த மருத்துவமனையில், எந்த அறைக்குப் போக வேண்டும், எவ்வளவு செலவாகும், கட்டிப்போடுவார்களா, எத்தனை நாள் கூலி போகும், ஊருக்குத் தெரிந்துவிடுமா என்பன.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்கு மட்டுமே ஏதேனும் ஒரு வகைச் சிகிச்சை கிடைத்திருக்கிறது; மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். மீதமுள்ளவர்களுக்குப் பிரச்சாரம் எட்டாமல் போகவில்லை, வழி எட்டவில்லை. ஆகவே பேரணியை நடத்துவதாக இருந்தாலும், மேலே சொன்ன கேள்விகளுக்கு விடை எழுதிய ஒரு தாளை முதலில் தயாரித்த பிறகே நடத்துங்கள்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது?

மருத்துவமனையிலிருந்து ஊரை நோக்கி வாருங்கள். முதலில் குழுவில் இருவர், கடலூர் மஞ்சக்குப்பத்திலுள்ள அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேரில் சென்று, மருத்துவர் எந்தெந்த நாள்களில் வெளிநோயாளிகளைப் பார்க்கிறார், படுக்கையில் சேர்க்க வேண்டிய நிலை வந்தால் என்ன நடைமுறை, துணைக்கு ஒருவர் தங்க வேண்டுமா, மாவட்ட மனநலத் திட்டக் குழு வட்டார மருத்துவமனைகளுக்கு எப்போது வருகிறது என்பதையெல்லாம் கேட்டு எழுதி வாருங்கள். சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பகுதியினருக்கு அண்ணாமலைநகரிலுள்ள அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம். வடக்கே எல்லையோர ஊர்களிலிருந்து புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மருக்குச் செல்வோரும் நிறைய. தாளில் பேருந்து எண், இறங்க வேண்டிய நிறுத்தம், காலையில் எத்தனை மணிக்குள் சீட்டு வாங்க வேண்டும் என்பது வரை இருக்கட்டும்.

இரண்டாவதாக, துணை செல்வோரைத் தயார் செய்யுங்கள். இதை அற்பமான வேலை என்று எண்ண வேண்டாம். காலை ஏழு மணிக்கு ஊரிலிருந்து கிளம்பியவர், ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஒன்பதரை மணிக்குக் கை நடுங்கத் தொடங்குகிறது, சீட்டை மடித்து மடித்துப் பிரிக்கிறார், நெற்றி வியர்க்கிறது. "ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறேன்" என்று எழுந்து வெளியே போகிறார். அவர் பெயரைக் கூப்பிடும்போது அங்கே அவர் இல்லை. பேரணியும் துண்டறிக்கையும் கூட்டமும் சேர்ந்து கொண்டுவந்த ஒருவரை இந்த அரை மணி நேரத்தில் இழந்துவிடுகிறோம். உடன் வந்தவர் அவரோடு டீக்கடை வரை போய்த் திரும்பி வருகிறவராகவும், செவிலியரிடம் "இவருக்கு நடுக்கம் வந்துவிட்டது, சற்று முன்னால் பார்க்க முடியுமா" என்று பணிவாகக் கேட்கத் தயங்காதவராகவும் இருக்க வேண்டும். பத்துப் பேச்சாளர்களைவிட இப்படிப்பட்ட நான்கு பேர் ஊருக்குப் பயன்படுவார்கள்.

மனம் மாறியவரை அன்றே குடியை நிறுத்தச் சொல்லலாமா?

அவர் எவ்வளவு காலமாக, எவ்வளவு குடிக்கிறார் என்பதைப் பொறுத்தது. இந்தப் பக்கத்தில் வேறெதைப் படிக்காவிட்டாலும் இந்த விடையை முழுதாகப் படிக்க வேண்டுகிறோம்.

எப்போதாவது குடிப்பவர் நிறுத்துவதில் ஆபத்தில்லை. ஆனால் பல ஆண்டுகளாக அன்றாடம் குடித்து, விடிந்ததும் வரும் நடுக்கத்தை அடக்கவே ஒரு கட்டிங் தேவைப்படும் நிலைக்கு வந்துவிட்டவர் திடீரென நிறுத்தினால், ஆறு மணி நேரம் முதல் ஒரு நாளுக்குள் நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்கு நேரமும் இடமும் குழம்பி, சுவரில் பூச்சி ஊர்வதாகத் தோன்றி, காய்ச்சலும் படபடப்புமாகப் பிதற்றத் தொடங்குவார்கள். காற்றுக் கருப்பு என்று நினைத்து மந்திரிக்க அழைத்துச் செல்வது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் அது உடனடியாக மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை. சிகிச்சையின்றி விட்டால் உயிர் போகலாம். மருத்துவரின் மேற்பார்வையில் சில நாள்களுக்குத் தரப்பட்டுப் படிப்படியாகக் குறைக்கப்படும் மாத்திரைகளால் இதை ஏறத்தாழ முழுமையாகத் தடுக்க முடியும். கூடவே தயமின் என்னும் பி1 வைட்டமின் தேவை. தயமின் குறைந்த உடலில் அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிப்புக்கு இடமுண்டு என்பதால், சோர்வுக்கு டிரிப்ஸ் போட எந்த மருத்துவரிடம் போனாலும் குடிப்பழக்கத்தை மறைக்கக் கூடாது என்று குடும்பத்தாரிடம் சொல்லிவையுங்கள்.

கோயிலில் கயிறு கட்டிக்கொள்வதும், கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுவதும், வேளாங்கண்ணிக்கு நடந்து போவதாக வேண்டிக்கொள்வதும், ரமலான் நோன்பும் எத்தனையோ பேரைக் குடியிலிருந்து சில வாரங்களாவது விலக்கிவைக்கின்றன. அந்த உறுதியைக் கேலி செய்ய வேண்டாம்; பயன்படுத்திக்கொள்ளுங்கள். மாலை போடுவதற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பார்க்கச் செய்யுங்கள், மாலை கழற்றும் நாளில் கூடவே இருங்கள். ஆபத்தான நாள் அதுதான் என்பதைக் குருசாமிகளைவிட மனைவிமார் நன்கு அறிவர்.

'குடிப்பவருக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்து' என்று சுவரொட்டி ஒட்டுகிறார்களே, அதை வாங்கிக் கொடுக்கலாமா?

கூடாது. குடியை நிறுத்த உதவும் மருந்துகளில் டைசல்ஃபிரம் என்பது உடலில் இருக்கும்போது மது அருந்தினால் முகம் சிவந்து, வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவு எல்லாம் வரும். இதய நோய் உள்ளவருக்கு உயிராபத்து. அதனால்தான் நோயாளி அறிந்து, சம்மதித்து, பரிசோதனைக்குப் பிறகே அது தரப்படுகிறது. சுவரொட்டிப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பதை விற்பவரே சொல்லமாட்டார். மேலும், சாம்பாரில் கலந்தது ஒருநாள் வெளிப்படும்போது, வீட்டுச் சோற்றின் மீதிருந்த நம்பிக்கையும் போய்விடும். குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகம்ப்ரோசேட் போன்ற வேறு மருந்துகளும் உள்ளன. எது யாருக்குப் பொருந்தும் என்பது மருத்துவரின் முடிவு.

முகாம் நடத்த எந்தக் காலம் உகந்தது?

ஊரின் வேலையைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். தேவனாம்பட்டினம், தாழங்குடா, சோனாங்குப்பம் போன்ற மீனவர் ஊர்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருமுனைக் கத்தி. விசைப்படகுகள் கரையில் நிற்க, வேலையற்ற பகல்களில் குடி கூடுகிறது. அதே வேளையில் ஒருவர் இரண்டு வாரம் மருத்துவமனையில் தங்கினாலும் படகில் அவரது இடம் போய்விடாது. தடைக்காலத்தின் முதல் வாரத்திலேயே சிகிச்சையைத் தொடங்கினால், கடலுக்குத் திரும்பும் முன் ஒரு மாதத்துக்கும் மேலாகத் தெளிந்த நிலையில் இருக்க முடியும். ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் இதைப் பேசவேண்டியது மார்ச் மாதத்தில். ஏப்ரலில் போய் நின்றால் தாமதம். பண்ருட்டிப் பக்கம் முந்திரி, பலா வேலை நடக்கும் கோடையில் கூட்டம் போட்டால் ஆள் சேராது. நெல் விளையும் பகுதிகளில் சம்பா அறுவடை முடிந்த பிறகு வையுங்கள்.

ஊரிலேயே சிகிச்சை தர முடியுமா என்றும் கேட்கிறார்கள். முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்னோடி உண்டு. சென்னை டி.டி.கே. மருத்துவமனையை நிறுவிய சாந்தி ரங்கநாதன் குழுவினர் 1989ஆம் ஆண்டு முதல் இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி கிராமத்தில் 15 நாள் முகாம்களை நடத்தினர். மருத்துவமும் ஆலோசனையும் கிராமத்துக்கே வந்தன. குடும்பத்தினருக்கும் தனி அமர்வுகள் இருந்தன. முகாம் முடிந்த பிறகும் தொடர் சந்திப்பு நடந்தது. ஆனால் மருத்துவரும் செவிலியரும் இல்லாமல், தன்னார்வலர்கள் மட்டும் கல்யாண மண்டபத்தைப் பிடித்து இதைச் செய்துபார்க்கக் கூடாது. காரணம் மூன்றாம் விடையிலேயே உள்ளது. மருத்துவக் குழு கிடைக்கவில்லையென்றால், ஒரு நாள் பரிசோதனை முகாமோடு நிறுத்திக்கொண்டு, தேவைப்படுவோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே போதும்.

எங்கள் ஊர் புதுச்சேரி எல்லையில் இருக்கிறது. இங்கே என்ன செய்தாலும் பயன் உண்டா?

சிரமம் கூடுதல் என்பது உண்மை. தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட சாராயமும் கள்ளும் ஆற்றுக்கு அப்பால் உரிமம் பெற்ற கடைகளில் விற்கின்றன. மதுவின் விலையும் அங்கே குறைவு. தமிழ்நாட்டில் 21 வயது ஆக வேண்டும், அங்கே 18 போதும். வள்ளலார் நினைவு நாளில் வடலூரில் ஜோதி தரிசனத்துக்கு மக்கள் திரள, டாஸ்மாக் கடைகள் மூடியிருக்க, எல்லையைத் தாண்டிப் போவோர் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். பாட்டிலைப் பிடிப்பது, யார் எதைக் கொண்டுவருகிறார் என்று காவலுக்கு நிற்பது ஆகியவை உங்கள் வேலையல்ல. அதைச் செய்யத் தொடங்கினால் சிகிச்சைக்கு ஒருவரும் உங்களிடம் வரமாட்டார்கள். மாறாக, பாகூர்ப் பக்கத்திலுள்ள குழுக்களோடு தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள். இருபுறமும் உறவு கொண்ட குடும்பங்கள் ஏராளம்; அக்கா கணவர் அங்கே மீண்டிருந்தால் அதுவே மச்சானுக்கு அழைப்பாக அமையும்.

கூட்டத்துக்குப் பெண்கள் மட்டுமே வருகிறார்கள். கணவர் வர மறுத்தால் என்ன செய்வது?

பெண்கள் வந்திருந்தாலே கூட்டம் வெற்றிதான். பெரும்பாலும் அவர்களும் மேடைக்கு முன்னால் எதுவும் கேட்கமாட்டார்கள். கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும்போது, "அண்ணி, ஒரு விஷயம்" என்று ஒருவர் தூண் ஓரமாக நிற்பார். அந்தப் பதினைந்து நிமிடத்துக்காகவே மகளிர் குழுவில் இருவர் கடைசி வரை இருக்க வேண்டும். குழுத் தலைவி மேடையிலிருந்து இறங்கி நேரே காரில் ஏறிவிட்டால் கூட்டம் வீண்.

அவர்களிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு. குடித்திருக்கும்போது வாதாட வேண்டாம். தெளிந்த காலை நேரத்தில், நடந்த ஒரே ஒரு நிகழ்ச்சியை மட்டும் சுட்டி, ஒரே ஒரு வேண்டுகோளை வையுங்கள். முதலாளியிடம் காய்ச்சல் என்று பொய் சொல்வது, கடைக்காரரின் பாக்கியை அடைப்பது போன்றவற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஈரல் பரிசோதனை, சர்க்கரைப் பரிசோதனை என்று அழைத்தால் வரக்கூடியவரை அப்படியே அழைத்து வரலாம். ஏமாற்று இல்லை, அந்தப் பரிசோதனைகளும் தேவைதான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்கு வரும் தன்னார்வலர், பேச்சைத் தொடங்க மிகவும் ஏற்றவர்.

அடி உதை இருக்கும் வீட்டில் முறை வேறு. 'அவர் குணமாகும் வரை பொறுத்துக்கொள்' என்ற அறிவுரையை எந்த உறுப்பினரும் சொல்லக் கூடாது. முதலில் பாதுகாப்பு, 181 உதவி எண், குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு அலுவலர். சிகிச்சை அதன் பிறகு அல்லது அதோடு இணைந்து நடக்கட்டும்.

பெண்களே குடிப்பழக்கத்துக்கு ஆளாகியிருந்தால் அவர்கள் பொதுக் கூட்டத்துக்கு வரவேமாட்டார்கள். அவர்களை நேராக மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

குடியிலிருந்து மீண்டவர்களை மேடையில் பேசவைக்கலாமா? படம் எடுக்கலாமா?

அவர்கள் பேச்சுக்கு நிகரான பேச்சு இல்லை. இருந்தாலும் நிறுத்திச் சில வாரங்களே ஆனவரை மேடையேற்றி மாலை போடுவது அவருக்கு நாம் செய்யும் தீங்கு. பின்னர் ஒருநாள் தவறினால், ஊர் முன் முகம் காட்ட முடியாமல் இன்னும் ஆழமாக விழுவார். குறைந்தது ஓராண்டு போகட்டும் என்பது எங்கள் கருத்து. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு 1935இல் அமெரிக்காவில் தோன்றிய நாளிலிருந்து கட்டணம் ஏதும் வாங்காமல் நடக்கும் தோழமைக் குழு. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே அதில் சேரத் தகுதி. அதன் உறுப்பினர்கள் பத்திரிகையிலும் ஒளிபரப்பிலும் தம் அடையாளத்தை வெளியிடுவதில்லை என்ற மரபைக் கடைப்பிடிப்பதால், அவர்களை அழைத்தால் பெயர் போட்டுப் பதாகை அடிக்காதீர்கள்.

படத்தைப் பொறுத்தவரை, முகாமுக்கு வந்தவர்களின் முகம் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போகக் கூடாது. நன்கொடையாளர் கேட்டாலும் காலி நாற்காலியையும் பதாகையையும் எடுத்து அனுப்புங்கள். பதிவேட்டில் பெயருக்குப் பதில் எண் இருக்கட்டும்.

கஞ்சா, போதை மாத்திரை எடுப்போரை அழைத்துவந்தால் காவல்துறை வழக்குப் போடுமா?

இந்த அச்சமே பல பெற்றோரை வீட்டுக்குள் முடக்கிவைக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைப் பொருளை உட்கொண்டதற்காகவோ சிறிய அளவில் வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமைப்பட்டவர், அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திலோ தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்கு அளிக்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் அந்த விலக்கு திரும்பப் பெறப்படலாம். விற்பனை செய்வோருக்கு இது பொருந்தாது. சிகிச்சை முகாமின் மேடையில் சீருடைக் காவலர் அமர வேண்டாம் என்று நாங்கள் சொல்வதும் இதனால்தான். காவல்துறையின் பணி தேவையானது, ஆனால் அதற்கு வேறு மேடை உண்டு.

பள்ளி மாணவர்களிடம் கூல் லிப் போன்ற புகையிலைப் பைகள் பிடிபட்டால் டி.சி. கொடுத்து அனுப்புவதில் யாருக்கும் பயனில்லை. மாணவருக்கு ஆலோசனையும், விற்ற கடைக்காரருக்குச் சட்டமும் உரியவை. குழந்தைகளுக்குப் போதைப் பொருளோ புகையிலையோ கொடுப்போருக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவில் ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

தனியார் மறுவாழ்வு மையத்தைப் பரிந்துரைக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. எனவே நோயாளியைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் மையம், மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், குடும்பத்தார் எப்போது பார்க்கலாம் என்று கேளுங்கள். 'மூன்று மாதம் யாரும் வரக்கூடாது' என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். சங்கிலியால் பிணைப்பதை அந்தச் சட்டம் எந்த வடிவத்திலும் அனுமதிக்கவில்லை. நள்ளிரவில் வேன் அனுப்பி ஆளைத் தூக்கிச் செல்வதும் சேர்க்கை நடைமுறை ஆகாது. சுயமாக முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவரை உறவினர் விண்ணப்பத்தில் சேர்க்கவும் சட்டத்தில் இடமுண்டு. அதற்குத் தனித்தனியாக இருவரின் பரிசோதனை தேவை, முதலில் 30 நாள் வரைதான் எல்லை.

கள்ளச்சாராயம் பற்றியும் பேச வேண்டுமா?

கட்டாயம். 2023 மே மாதத்தில் மரக்காணம் எக்கியார்குப்பம், செங்கல்பட்டு மாவட்டப் பகுதிகளில் 20க்கும் மேற்பட்டோரும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் 60க்கும் மேற்பட்டோரும் மெத்தனால் கலந்த சாராயத்தால் இறந்தனர். இரண்டும் நம் மாவட்டத்துக்கு அருகிலேயே நடந்தவை. வயிற்றுவலி, வாந்தி, தலைவலியோடு கண் மங்குவதாக ஒருவர் சொன்னால், போலீஸ் கேட்குமே என்று ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். உடன் குடித்தவர்களும், அறிகுறி இல்லாவிட்டாலும், கூடவே போக வேண்டும். இதற்கு முறிவு மருந்தும் டயாலிசிஸும் உண்டு. தாமதத்தில் முதலில் போவது பார்வை.

சிகிச்சை முடிந்து திரும்பியவர் மீண்டும் குடித்துவிட்டால்?

பலருக்கு நேரும். சர்க்கரை ஏறிய நோயாளியிடம் நாம் 'இனி என் முகத்தில் விழிக்காதே' என்று சொல்வதில்லை. மருந்தைச் சரிபார்க்க அனுப்புகிறோம். அதே அணுகுமுறை இங்கும் வேண்டும். ஊசி வழியாகப் போதை எடுத்தவர் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை: சில வாரம் நிறுத்தியிருந்தவரின் உடல் பழைய அளவைத் தாங்காது, அதே அளவை மீண்டும் எடுப்பதே உயிரைப் பறிக்கலாம்.

தொடர் கவனிப்பு என்றால் மாதம் ஒரு பெரிய கூட்டம் என்று பொருளல்ல. முதல் மூன்று மாதங்களில் வாரம் ஒருமுறை ஒருவர் போய் உட்கார்ந்து பேசுவது, மறுமுறை மருத்துவமனைக்குப் போகும் தேதியை நினைவூட்டுவது, கூலி வாங்கும் சனிக்கிழமை மாலையில் கூடவே கைப்பந்து ஆடவோ கோயில் வேலைக்கோ அழைப்பது, சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் பழைய கூட்டாளிகள் கூப்பிடும்போது அருகில் நிற்பது. வேலையும் வேண்டும். சிப்காட் ஒப்பந்தக்காரரோ படகு உரிமையாளரோ ஒருவரை மறுபடி எடுத்துக்கொள்ள இசைந்தால், அது எத்தனையோ ஆலோசனை அமர்வுகளுக்குச் சமம். உங்கள் ஆண்டறிக்கையிலும் எத்தனை பேர் ஊர்வலம் வந்தார்கள் என்பதற்கு மேலாக, எத்தனை பேர் மருத்துவரைப் பார்த்தார்கள், எத்தனை பேர் இரண்டாம் முறை போனார்கள், ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் தொடர்பில் இருக்கிறார்கள் என்பதை எழுதுங்கள்.

பணம், அனுமதி?

செலவு அதிகமில்லை, பேருந்துக் கட்டணம், துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலி, சாப்பாடு. பார் நடத்துவோரிடம் நன்கொடை வாங்காதீர்கள், கட்சிக் கொடியின் கீழ் நடத்தாதீர்கள். ஒலிபெருக்கி வைத்தால் காவல் நிலைய அனுமதி வேண்டும். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் சிகிச்சை விவரத் தாளை வாசிக்க ஊராட்சித் தலைவரிடம் முன்பே கேட்டுவையுங்கள்.

தாளில் எந்தெந்தத் தொலைபேசி எண்களைப் போட வேண்டும்?

போதை மீட்பு ஆலோசனைக்குத் தேசியக் கட்டணமில்லா எண் 14446, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனைக்கு 104, ஆம்புலன்ஸ் 108, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, கள்ளச்சாராயம் பற்றிய புகாருக்கு 10581. இவற்றுக்கு மேலே, உங்கள் குழுவில் மாலை ஆறு முதல் ஒன்பது வரை தவறாமல் எடுக்கக்கூடிய ஒருவரின் கைப்பேசி எண்ணைப் பெரிய எழுத்தில் போடுங்கள். அவர் ஊரில் இல்லாத நாள்களில் அந்தக் கைப்பேசி யாரிடம் இருக்கும் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.